டைல்ஸ் போடாத வீடு

12 ஜூன் 2024, புதன்

கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் கூடத்தில் நின்று கீழே பார்த்தார். "ஏனுங்கக்கா, குடி வந்துட்டீங்களா? டைல்ஸ் எப்பங்க போடறீங்க?" என்றார்.

இந்தக் கேள்வியைக் கேட்பது இவர் எத்தனையாவது ஆள் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். குடி வந்தது தை மாதம். டைல்ஸ் போடப்போவதில்லை. இதுதான் தரை. கான்கிரீட்டைக் கொட்டி, காயவிட்டு, மெஷினை வைத்துத் தேய் தேய் என்று தேய்த்து, முகம் தெரிகிற பளபளப்பு வந்த பிறகு மேலே ஒரு மருந்தைப் பூசி முடித்திருக்கிறது. டைல்ஸைவிட மெனக்கெட்ட வேலை. பார்க்கிறவர்களுக்கு மட்டும் பாதியில் நின்றுபோன வேலையாகத் தெரிகிறது.

"ஐப்பசியில போடறோங்க" என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால் அவர் உட்கார்ந்து விவரம் கேட்பார். சிலிண்டரை உருட்டப் போனவரை என் வீட்டுக்காரர் பாய்ந்து வந்து தடுத்தார். இரண்டு பேருமாக அதைப் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார்கள்.

15 ஜூன்

எழுதிப் பார்த்தால் எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. என் வீட்டுக்காரர், சின்னண்ணன் என்கிற இந்த மனிதர், முப்பது வருடம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி ஓட்டியவர். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பினால் ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான். போன இடமெல்லாம் பூமியில் ஓட்டை போட்டார். போன வருடம் வண்டிகளைக் கொடுத்துவிட்டு வீட்டோடு வந்து சேர்ந்தார். இப்போது என் கையிலிருந்து கரண்டி விழுந்தால், "எங்க உழுந்துச்சு?" என்று தோட்டத்திலிருந்து கேட்கிறார்.

ஹைதராபாத் பக்கம் யாரோ பெரிய மனிதர் வீட்டுக்குப் போர் போடப் போனபோது இந்த மாதிரித் தரையைப் பார்த்தாராம். செருப்பைக் கழற்றினாலும் காலெல்லாம் சேறு. அதனால் உள்ளே போகாமல் வாசற்படியிலேயே நின்று பார்த்தாராம். அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

சேலத்திலிருந்து தனப்பிரியா என்கிற இன்ஜினியர் பெண் வந்து நின்று போட்டுக் கொடுத்தாள். போகும்போது நாலு வார்த்தை சொன்னாள். புளிப்பு எது சிந்தினாலும் உடனே துடைக்க வேண்டும், ஆசிட்டும் பினாயிலும் ஆகாது, மணற்காலோடு நடக்கக் கூடாது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பேரன் பேத்தி காலத்துக்கும் வரும் என்றாள். அவள் எல்லாருக்கும் சொல்வதைச் சொன்னாள். இவர் சத்தியம் செய்து கொடுத்துவிட்டார்.

16 ஜூன்

பழைய கம்பளியைக் கத்தரித்து எல்லா நாற்காலிக் கால்களுக்கும் ஒட்டிவிட்டார். என் காலுக்கு இன்னும் அளவு எடுக்கவில்லை.

19 ஜூன்

வீட்டு வேலைக்கு வரும் சின்னாயி இனிமேல் தரை துடைக்க வேண்டாமாம். அவள் பிழியும் துணியில் மண் இருக்கிறதாம். இவரே துடைக்கிறார், காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை.

"அண்ணனுக்கு ஏதாச்சும் வேண்டுதலுங்களா?" என்று சின்னாயி என்னிடம் ரகசியமாகக் கேட்டாள். ஆமாம் என்றேன். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்க அவளும் நானும் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டோம். ரசத்தை மூடி போட்ட தூக்குப் பாத்திரத்தில்தான் கூடத்துக்குக் கொண்டுவருகிறேன். தயிருக்கும் அதே மரியாதை.

23 ஜூன், ஞாயிறு

தமிழினியும் மாப்பிள்ளையும் ஜலகண்டாபுரத்திலிருந்து வந்தார்கள். எங்களுக்கு அவள் ஒரே மகள். இது நாலாம் மாதம், மசக்கை அவளைப் போட்டுப் பாடாய்ப் படுத்துகிறது. கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது. எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தேன். குடித்துவிட்டுக் கூடத்துக்கு நடந்தவள் சோபாவை எட்டுவதற்குள் வாந்தி எடுத்துவிட்டாள்.

நான் சமையலறையிலிருந்து ஓடி வருவதற்குள் இவர் வந்துவிட்டார். ஒரு கையில் துணி, இன்னொரு கையில் சோப்புத் தண்ணீர். "நவுரு சாமி, நவுரு. எலுமிச்சம்பழம், உட்டா தரையத் தின்னுப்போடும்" என்று மண்டி போட்டார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுத்த வாந்திக்குத் திணறிக்கொண்டிருந்தாள். "இங்க வேண்டாம், பாத்ரூமுக்குப் போயிரு" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

நான்தான் நெற்றியைப் பிடித்தேன். அவள் கண் அப்பாவின் முதுகிலேயே இருந்தது. மாப்பிள்ளை ஜெகதீஸ்வரன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒன்றும் ஓடவில்லை.

இரவு தங்குவதாக இருந்தது. காப்பிக்கு முன்பே கிளம்பிவிட்டார்கள்.

24 ஜூன்

கை அகலத்துக்கு மங்கலாக ஒரு திட்டு நின்றுவிட்டது. காலையிலிருந்து அதைச் சாய்ந்து பார்க்கிறார், குனிந்து பார்க்கிறார், ஜன்னலைத் திறந்து வைத்துப் பார்க்கிறார். மகளுக்குப் போன் செய்யவில்லை.

5 ஜூலை

தமிழினி பேசினாள். எட்டாம் தேதி டாக்டரைப் பார்க்கப் போகிறாளாம், சாப்பாடு கொஞ்சம் இறங்குகிறதாம். பிறகு சொன்னாள்.

"ம்மா, பிரசவத்துக்கு நான் இங்கயே இருந்துக்கறேன். அத்தை பாத்துக்கறேங்கறாங்க."

"ஏங்கண்ணு, தலைப்பிரசவம்…"

"அங்க வந்தா நான் பயந்துட்டே இருக்கோணும். பொறந்ததும் அதுவும் பயந்துட்டே இருக்கோணும். வேண்டாம்மா."

சரி என்று வைத்துவிட்டேன். ஏன் சரி என்றேன்?

6 ஜூலை

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வராத பிள்ளை எங்காவது உண்டா? ஊர் பேசுவது கிடக்கட்டும். ஊருக்கு வாய் இருக்கிறது, பேசும். எனக்கு நான் என்ன பதில் சொல்வது?

அவளுக்குத் தண்ணி காய வெச்சு ஊத்தறது நாந்தான? வேற யாரு ஊத்துவா? சம்பந்தி ராசம்மா நல்லவங்கதான், இல்லீங்கல. ஆனா எம்புள்ள வலிச்சா வாயத் தொறக்காதே, கட்டவெரல மடக்கிக்குமே, அது அவிங்களுக்குத் தெரியுமா? ஒரு தரைக்காவ. கேவலம் ஒரு சிமிட்டித் தரைக்காவ!

கோபத்தில் ரசத்தைத் தூக்கில் ஊற்றாமல் திறந்த கிண்ணத்தில் கொண்டுவந்தேன். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அதற்கும் கோபம் வந்தது.

7 ஜூலை

இவரிடம் சொன்னேன். "ஏன், நம்மூட்ல அவளுக்கு என்ன கொறை?" என்றார்.

"தரை" என்றேன்.

நெடுநேரம் யோசித்தார். "வழுக்குதுங்கறாளா?" என்றார்.

நான் எழுந்து மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போய்விட்டேன்.

9 ஜூலை

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தரையில் தண்ணீரை ஊற்றி, ஈரக்காலோடு கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். பிறகு வேகமாக நடந்தார். பிறகு வயிற்றில் ஒரு தலையணையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சின்னாயி கதவோரம் நின்று பார்த்துவிட்டு, பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள்.

"வழுக்குல. அவகிட்டச் சொல்லிப்போடு" என்றார் இவர்.

18 ஆகஸ்ட்

வாயை மூடிக்கொண்டு இருந்து ஒன்றும் நடக்கவில்லை. இன்று கேட்டுவிட்டேன்.

"புள்ள வாந்தி எடுத்தப்ப நீங்க யாரப் பாத்தீங்க?"

"தொடச்சது தப்பா?"

"யாரப் பாத்தீங்கன்னு கேட்டனுங்க."

மாப்பை எடுத்துக் கொடியில் காயப்போட்டார். ஒரு சுற்று தோட்டத்துக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தார். அப்புறம் அவராகவே பேசினார்.

"எத்தன ஊர்ல குழி போட்டிருப்பேன். கேசிங் பைப்ப எறக்கி, தண்ணி வந்தாலும் வராட்டியும் மூட்டை கட்டிட்டு அடுத்த ஊரு. போட்டது ஒண்ணையாச்சும் திரும்பப் போயிப் பாத்திருக்கறனா? இது ஒண்ணத்தான் தெனமும் பாக்கறேன், சௌந்திரம்."

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் தமிழினி பிறந்தபோது இவர் வண்டி மத்தியப் பிரதேசத்தில் இருந்தது. தலை நின்ற பிறகுதான் வந்து பார்த்தார். அவள் நடந்ததையும் பார்க்கவில்லை, பள்ளிக்கூடம் போனதையும் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காதவற்றில் அவளையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதானே? இதை நான் சத்தமாகச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

20 அக்டோபர்

சம்பந்தி ராசம்மா அக்கா பேசினார். கட்டுச்சோற்று விருந்துக்கு நாள் குறித்தாயிற்று, அடுத்த மாதம் பத்தாம் தேதி. பிறந்த வீட்டிலிருந்து சோறு வகை வகையாக ஆக்கி எடுத்துப்போய், அங்கே எல்லாருக்கும் விருந்து வைத்து, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வருவது எங்கள் வழக்கம். சோற்றைக் கொடுத்துவிட்டுப் பெண்ணை அங்கேயே விட்டுவிட்டு வந்தால் அதற்கு என்ன பெயர்?

"முறைக்கு ஒரு நாள் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க, நான் சொல்றேன் அவகிட்ட" என்றார். நல்ல மனுஷி. ஜூலையில் அவரைப் பற்றி நான் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

ஒரு ராத்திரி தங்குவதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

8 நவம்பர்

இரண்டு நாளாக விடாத மழை. நாளைக்கு அடுத்த நாள் விருந்து. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு, தக்காளிச் சோறு. இந்தத் தரைக்கு ஆகாதது எல்லாம் ஒரே அடுப்பில் வேகப்போகிறது. சமையல் வெளியே கொட்டகையில்தான், ஆனால் ஆட்கள் உள்ளே வராமல் இருப்பார்களா?

மத்தியானம் இவர் கூடத்தைக் கழுவித் துடைத்தார். பிறகு மாடியிலிருந்து போர் வண்டியின் பழைய தார்பாயை இறக்கிக்கொண்டு வந்து, சுவருக்குச் சுவர் விரித்தார். கூடமே பச்சையாகிவிட்டது.

"தாராளமா நடக்கட்டும். என்ன வேணாக் கொட்டட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார்.

இவர் சமாதானம் பேசுவது இப்படித்தான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தேங்காய் துருவப் போனேன்.

11 நவம்பர்

நேற்று விருந்து நன்றாக நடந்தது. வளையல் போட்ட கையோடு தமிழினியை அழைத்து வந்தோம். வயிறு நன்றாக இறங்கியிருக்கிறது. ஆரத்தி எடுத்து உள்ளே கூட்டி வந்தேன். காலை வைத்ததும் கீழே சரக் என்றது. இன்னொரு அடி. சரக்.

"ப்பா, இது ஊடுங்களா, லோடு ஏத்தின லாரிங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். ஆனால் ராத்திரி முழுக்க அவள் திரும்பித் திரும்பிப் படுத்துக்கொண்டிருந்தாள். காலையில், "நாங்க பயந்துட்டு நடக்கறதும், நீங்க எங்களுக்குப் பயந்துட்டு மூடி வெக்கறதும் ஒண்ணுதானுங்கப்பா" என்று மெதுவாகச் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. மத்தியானம் மாப்பிள்ளை வந்து கூட்டிப்போய்விட்டார்.

தார்பாயை மடிக்கலாம் என்றேன். "கெடக்கட்டும்" என்றார்.

"எதுக்குங்க?"

"மனசு மாறித் திரும்பி வந்தாள்னா?"



13 நவம்பர்

மழை. தார்பாய் கிடக்கிறது. அவள் வரவில்லை.

17 நவம்பர், ஞாயிறு

இன்று இவரே தார்பாயைச் சுருட்டினார். அடியில் ஈரம். கழுவிய தண்ணீர் காயும் முன்பே விரித்ததும், மழை நாளில் காற்று பட வழியில்லாமல் கிடந்ததும் சேர்ந்து வேலையைக் காட்டிவிட்டன. பளபளப்பு முழுக்கப் பாலாய் வெளுத்துவிட்டது. சுவருக்குச் சுவர் பெரிது பெரிதாகத் திட்டு. தார்பாயின் மடிப்புகூடக் கோடு கோடாகத் தரையில் இறங்கியிருக்கிறது.

எலுமிச்சம்பழம் செய்யாததை, புளி செய்யாததை, மகள் செய்யாததை இவர் தன் கையாலேயே செய்துவிட்டார். சொல்லிக்காட்டலாம் என்றுதான் வந்தேன். சுருட்டிய தார்பாயின் மேல் உட்கார்ந்திருந்தவரின் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டுச் சோறு போடப் போனேன்.

சோறு வேண்டாம் என்றுவிட்டார்.

19 நவம்பர்

தனப்பிரியா வந்து பார்த்தாள். பாவம், அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். மேல்பூச்சில்தான் ஈரம் பூத்திருக்கிறதாம், கான்கிரீட்டுக்கு ஒன்றுமில்லையாம். "மறுபடி மெஷின் ஓட்டி, மேல இருக்கறத எடுத்துட்டுப் புதுசாப் பூசிரலாங்க அங்கிள். சாமான் பூராவும் வெளிய எடுக்கோணும். பொடி பறக்கும், மருந்து வாசம் கொஞ்ச நாளைக்கு இருக்கும். மாசமா இருக்கறவங்களோ கைக்குழந்தையோ அந்தச் சமயத்துல இருக்க வேண்டாம். அடுத்த வாரம் ஆளு அனுப்பட்டுங்களா?"

இவர் தரையைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். "நான் சொல்றேன்" என்றார்.

தனப்பிரியா போன பிறகும் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டே இருந்தார்.

20 நவம்பர்

இந்த மனிதர் மகளுக்குத் தானாகப் போன் போட்டு நான் பார்த்ததில்லை. நான் பேசி முடித்துக் கொடுத்தால், "சாப்டியா, செரி, வெச்சறட்டா" என்பதோடு சரி. இன்று பல் துலக்கியதும் போனை எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். நான் சமையலறையில் குக்கரை அணைத்துவிட்டு நின்றேன். ஒட்டுக் கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளலாம்.

"சாமி, அப்பன் பேசறேன். ஒண்ணுமில்ல, அம்மா நல்லாத்தான் இருக்கறா. தரை போச்சு சாமி… இல்ல இல்ல, யாரும் ஒண்ணும் கொட்டல. நாந்தான். அந்தத் தார்பாய்ல… ஆமா, கூடம் பூராவும். மாட்டுக்குத் தேமல் வந்தாப்பல இருக்குது."

அந்தப் பக்கம் அவள் ஏதோ சொன்னாள்.

"இனிக் காக்கறதுக்கு ஒண்ணுமில்ல. நீ வந்தரு."

பிறகு எழுந்து வந்து போனை என்னிடம் நீட்டினார். "அழுகறாளா சிரிக்கறாளான்னு வெளங்கல. நீ கேளு."

கேட்டேன். இரண்டும்.

சரிசெய்துவிடலாம் என்று தனப்பிரியா சொன்னதை இவர் அவளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

24 நவம்பர்

வந்துவிட்டாள். பெட்டியை மாப்பிள்ளை உருட்டிக்கொண்டே உள்ளே வந்தார், சக்கரம் கடகடவென்றது. எனக்குத்தான் திக்கென்றது. இவர், "அந்த ரூம்புக்குங்க மாப்ள" என்று வழி காட்டினார்.

தமிழினி கூடத்தை ஒரு சுற்று பார்த்தாள். "நெசமாலுமே போச்சுங்கப்பா" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

13 டிசம்பர்

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். வலி வந்தபோது தமிழினி கட்டைவிரலை மடக்கினாள், நான் பார்த்துவிட்டேன், நர்ஸைக் கூப்பிட்டேன். வேறு எழுத நேரமில்லை.

14 டிசம்பர்

இவர் ஆஸ்பத்திரி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார். பேத்தியைப் பார்த்துவிட்டு மகளைப் பார்க்கிறார், மகளைப் பார்த்துவிட்டுப் பேத்தியைப் பார்க்கிறார். "இவளும் இப்பிடித்தான் இருந்தாளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

9 ஜனவரி 2025

தினமும் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துத் தண்ணீர் ஊற்றுகிறேன். எண்ணெய்க் காலோடு இங்கும் அங்கும் நடப்பதில் கூடமெங்கும் என் கால் தடம். தரை துடைக்கும் வேலை மறுபடி சின்னாயிக்கு வந்துவிட்டது. "வேண்டுதல் முடிஞ்சுதுங்களா?" என்றாள். முடிந்தது என்றேன்.

21 ஜனவரி

சிலிண்டர்காரர் வந்தார். வெளுத்த திட்டுகளைப் பார்த்தார். "இன்னும் போடலீங்களாக்கா? ஐப்பசின்னீங்க."

இவர் முந்திக்கொண்டார். "இதுதானுங்க தரை. போட்டாச்சு" என்றார்.

அவர் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனார்.

2 மே

தமிழினியை ஜலகண்டாபுரத்தில் கொண்டுபோய் விட்டு வந்தோம். வரும் வழியில் இவர் இரண்டு தடவை காலியான பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

15 மே

தனப்பிரியா கேட்டாள், இப்போது வீடு காலிதானே, மெஷினை அனுப்பட்டுமா என்று. "பாப்பா தவழ்ந்து முடிக்கட்டும்மா. ரொம்ப வழவழன்னு ஆக்கிட்டா முட்டி நிக்காது" என்றார் இவர். ஏதோ ஆராய்ச்சி செய்த மாதிரிச் சொன்னார்.

3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. எல்லாருமாக ஜேடர்பாளையம் போய்க் காவிரியில் தலை முழுகிவிட்டு வந்தோம். ஈரத்துணி, மணற்கால், முறுக்குப் பொட்டலம் எல்லாம் நேராகக் கூடத்துக்கு வந்து சேர்ந்தன.

பாப்பா இப்போது நன்றாகத் தவழ்கிறாள். அவளுக்குப் பிடித்த இடம் அந்தப் பெரிய திட்டு. அதன் ஓரத்தை விரலால் தடவித் தடவிப் போகிறாள். நடுக்கூடத்தில் உட்கார்ந்தவள், எங்களை எல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூத்திரம் போனாள்.

இவர் எழுந்தார். நானும் தமிழினியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நேராகப் போய்ப் பிள்ளையைத் தூக்கினார். "நனஞ்சுபோச்சா சாமி? குளுருதா?" என்று துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தரையைத் துடைத்தது தமிழினி. "ப்பா, உட்டா தின்னுப்போடும்" என்று உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். அவர் காதில் விழவில்லை, பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு பாப்பாவுக்கு மாற்று ஜட்டி தேடிக்கொண்டிருந்தார்.